காதால் பார்க்கிற படங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தெஹிவளையிலிருந்து எழுதுகிறேன். போன மாதக் கட்டுரை ஒன்றில் போகிற போக்கில், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ உங்களுக்கு அவ்வளவாகப் பிடித்த படமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்குச் சரியான கோபம். டிவியில் எப்போது போட்டாலும் இருந்து பார்த்து அழுகிற படம் அது. “அந்த மனுசனுக்கு நெஞ்சே இல்லையோ எண்டு கேள்” என்றா. கேட்டுவிட்டேன்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் படம் என்பது இரண்டரை மணி நேரம் கவலையை மறக்கத்தானே? அதில் இவ்வளவு சரி பிழை பார்க்க வேண்டுமா? உங்களுக்குப் பிடித்த படங்கள் எவை, பிடிக்காதவை எவை? அப்புறம், இலங்கைப் படம் என்றாலே அறுவை என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒரு சிங்களப் படம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவின் கோபம் நியாயமானது. அவர் அழுகிற இடங்கள் பலவற்றில் எனக்கும் தொண்டை அடைக்கும். 2002இல் வந்த அந்தப் படத்தின் சென்னைப் பகுதி, தமிழில் ஒரு குடும்பத்தைப் பற்றி எடுக்கப்பட்ட மிக நல்ல பகுதிகளில் ஒன்று. ஒன்பதாவது பிறந்தநாளன்று ஒரு பிள்ளையிடம், நீ நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் பழையபடி கதைக்க முடியாமல் தவிக்கிறார்கள். சிம்ரன் நடித்த இந்திரா, கோபத்தையும் பாசத்தையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்கிற விதம் மறக்கக்கூடியதா?

கதை இலங்கைக்கு வந்ததும் எனக்கு அந்த ஒட்டு விட்டுப்போகிறது. இலங்கைக் காட்சிகளை இந்தியாவிலேயே எடுத்ததைக் குறையாகச் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் வேறு வழி இருந்திருக்காது. எனக்கு இடறுவது அங்கே வருகிற சனத்தின் பேச்சு. எல்லாரும் போரைப் பற்றியே கதைக்கிறார்கள், அதுவும் முன்கூட்டியே எழுதிப் பாடமாக்கியதுபோல. போர்க்காலத்தில் இந்த நாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒருவரும் கதைப்பதில்லை. ஷெல்லடி ஓய்ந்து அரை மணித்தியாலத்தில் மண்ணெண்ணெய் விலையைப் பற்றிக் கதைப்பார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சு குழம்பியதைப் பற்றிக் கதைப்பார்கள். பயம் அந்தப் பேச்சுக்குள்ளேயே எங்கேயோ இருக்கும். கடைசியில் கொழும்புப் பூங்காவில், மழைக்குள், தாயும் மகளும் சந்திக்கிற இடத்தில் நந்திதா தாஸின் முகம் எல்லாவற்றையும் சொல்கிறது. அவர் வாயைத் திறந்ததும் நான் படத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். அம்மாவுக்கு அந்த முகம் போதும். என்னை என் காது விடாது.

இதைத்தான் உங்கள் மற்றக் கேள்விக்கும் பதிலாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த படம், பிடிக்காத படம் எல்லாம் பெரும்பாலும் காதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்குள் பத்து நிமிடம் நின்றால் யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ் எல்லாம் காதில் விழும். விலை கேட்கும்போது ஒரு தமிழ், வீட்டாரோடு திரும்பிக் கதைக்கும்போது இன்னொரு தமிழ், முதலாளியோடு பாதி சிங்களம். ஒருவர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார், யாரிடம் பேச்சை மாற்றுகிறார் என்பதை வைத்தே அவர் கதையில் பாதியைச் சொல்லிவிடலாம். அதைக் கேட்டு எடுத்த இயக்குநரை நான் எங்கேயும் நம்பிப் பின்னால் போவேன்.

அதனால்தான் 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என்னைத் தொட்டது. பொருளாதார நெருக்கடியில் இங்கிருந்து தப்பிப்போய்ச் சென்னையில் குடியேறுகிற குடும்பம். அவர்கள் முதலில் ஒளித்துவைக்க வேண்டியது தங்கள் பேச்சைத்தான். வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடுவார்கள். போர் நடந்த சோதனைச்சாவடிக் காலத்தில் கொழும்பில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் போகும்போது கைபேசி அடித்தால், “பிறகு எடுக்கிறன்” என்று உதட்டுக்குள் சொல்லி வைத்துவிடுவோம். சிலர் எடுக்கவே மாட்டார்கள், அடித்து ஓயும்வரை கையில் பிடித்தபடி இருப்பார்கள். அந்தப் பயத்தை ஒரு சென்னைப் படம், சிரிக்கவும் வைத்துக்கொண்டு, இவ்வளவு சரியாகப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிற்பாதியில் தெருவில் உள்ள அத்தனை பேரும் நல்லவர்களாகிவிடுவது எனக்குக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற பார்வைக்காகவே இன்னொருமுறை பார்ப்பேன்.

கவலையை மறக்கத்தானே படம் என்று கேட்டீர்கள். ஓம், அதற்கும்தான். மனம் சரியில்லாத நாட்களில் நான் போட்டுப் பார்ப்பது ‘மைக்கேல் மதன காமராஜன்’. 1990இல் வந்தது, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது. கமல்ஹாசனின் நாலு வேடங்களை எல்லாரும் புகழ்வார்கள். நான் புகழ்வது நாலு குரல்களை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார் என்று தெரியும். பாலக்காட்டுத் தமிழ் பேசுகிற சமையற்காரர் காமேஸ்வரன், கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்டதென்று தெரிந்து பதறுகிறாரே, அந்தப் பதற்றம் முழுக்க அவருடைய தமிழுக்குள்தான் இருக்கிறது. அந்தத் தமிழைப் படம் எங்கேயும் கேலி செய்யவில்லை. அது அவருடைய வீடு, அதற்குள் நின்றுகொண்டு அவர் பதறுகிறார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். கிரேசி மோகனின் வசனத்துக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அதே நடிகரின் ‘தெனாலி’ எனக்குப் பிடிக்காத படங்களில் முதல் வரிசையில் இருக்கிறது. கமலின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் பேச்சைப் பிடிக்க அவர் எவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார் என்று கேட்டாலே தெரிகிறது. என் மனவருத்தம் அந்தப் பேச்சைப் படம் எதற்குப் பயன்படுத்துகிறது என்பதில்தான். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஒரு மனிதர், அந்தப் பயத்தை எங்கள் தமிழில் பட்டியல் போடுகிறார், தியேட்டர் சிரிக்கிறது. அது எங்கிருந்து வந்த பயம் என்று படத்துக்கே தெரியும், ஓரிடத்தில் சொல்லவும் செய்கிறது. சொல்லிவிட்டு மறுபடி பகிடிக்குப் போய்விடுகிறது. படம் வந்தது 2000இல். அந்த வருடம் வடக்கில் சண்டை எப்படி நடந்தது என்று அம்மாவைக் கேளுங்கள். வெடிச்சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே போகிற பெரிய மனிதர்களை எங்களில் பலருக்கு நேரில் தெரியும். எனக்கு அந்தப் பகிடி இன்றைக்கும் இறங்கவில்லை.

2021இல் வந்த ‘ஜகமே தந்திரம்’ பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு ரவுடி மனம் திருந்துவதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, அந்தக் காரணமாக எங்கள் அகதிகளின் துயரம் கொண்டுவரப்படுகிறது. தனுஷ் நன்றாக நடித்திருந்தும் எனக்கு அது ஒட்டவில்லை. அதுபோல, இரத்தம் தெறிப்பதை மெதுவாக ஓடவிட்டு அழகு காட்டுகிற படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் எதையும் என்னால் கடைசிவரை இருந்து பார்க்க முடிவதில்லை. உங்கள் நண்பர்கள் அவற்றைக் கைதட்டிப் பார்த்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இனிப் பிடித்தவை. ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் ‘வீடு’. 1988இல் பாலு மகேந்திரா எடுத்தது. அவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பது உங்கள் வயதுக்காரர் பலருக்குத் தெரிவதில்லை. சென்னையில் வேலைக்குப் போகிற சுதா என்ற பெண், வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொன்னதால், இருக்கிற துண்டுக் காணியில் சொந்தமாக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. கடனுக்கு அலைவது, மழையால் வேலை நின்றுபோவது, கொந்தராத்துக்காரர் சீமெந்தைக் களவாடுவது. களவைச் சுதாவிடம் வந்து சொல்பவள் அங்கே வேலை செய்கிற மங்கம்மா. கூலிக்கு வந்த பெண், தனக்கு வேலை தருகிறவரையே எதிர்த்து நிற்கிறாள். அவள் பேச்சில் வசனம் என்று பிரித்தெடுக்க ஒன்றும் இருக்காது, எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்கிற பேச்சாகவே இருக்கும். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு அர்ச்சனாவும் மங்கம்மாவாக வந்த ‘பசி’ சத்யாவும் ஒரே உயரம்.

அதில் தாத்தாவாக வருகிற சொக்கலிங்க பாகவதரைக் கவனமாகப் பாருங்கள். வயது போனவர், தனியாகக் கிளம்பிப்போய்க் கட்டி முடியாத வீட்டைப் பார்க்கிறார். பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். அந்தச் சந்தோசத்தோடு திரும்புகிற வழியில் இறந்துபோகிறார். அந்தக் காட்சியில் ஒருவரும் எங்களுக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை, இளையராஜாவின் இசை மட்டும் கூடவே நடக்கிறது. கடன் எடுத்து வீடு கட்டிய எவருக்கும் அந்த நடை விளங்கும். கொழும்பில் ஒரு துண்டு நிலம் வாங்க இரண்டு தலைமுறை உழைக்கிற எங்களுக்கு இன்னும் நன்றாகவே விளங்கும்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ அதற்கடுத்தது, 1979. ஊரே சேர்ந்து கெட்டவனை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. அவன் ஊரைப் பார்த்து, உங்கள் எல்லாரையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், நான் செய்த பிழைகளிலேயே பெரியது இதுதான் என்ற பொருளில் சொல்லிவிட்டு இறங்குகிறான். கத்திச் சொல்லவில்லை. விஜயன் அதைச் சொல்கிற தணிவில்தான் அந்தப் படம் நிற்கிறது.

சரி, இலங்கைப் படங்கள். உங்கள் நண்பர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடித்தது தென்னிந்தியாவில். 1947 ஜனவரியில் முதன்முதல் ஓடியது எங்கள் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், ஹெந்தளை விஜயா ஸ்டுடியோவை எரித்தார்கள். சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட்டை, அவர் தமிழர் என்பதற்காகக் கொன்றார்கள். சிங்கள சினிமா எங்களுக்குப் புறத்தி என்று ஒருவர் சொன்னால் எனக்கு இவையெல்லாம் ஒன்றாக ஞாபகம் வரும்.

மறுபக்கமும் இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தவர் தர்மசேன பத்திராஜ. அங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சிங்களவர். சீதனம் சேராமல் வீட்டில் இருக்கிற அக்கா, சாதி மாறிக் காதலிக்கிற தங்கை, அதன் முடிவு. வந்த நேரம் சனம் பார்க்கவில்லை. மெதுவான படம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு யாழ்ப்பாண வீட்டில் கல்யாணக் கதை வரும்போது எல்லாரும் வாயை மூடிக்கொள்கிற அந்த அமைதியை எங்களவர் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ 2012இல் வந்தது. போர் முடிந்து ஊர் திரும்புகிற முன்னாள் போராளியை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது கதை. தர்ஷன் தர்மராஜ் அதிகம் பேசாமலே நடித்திருப்பார். 2022இல் அவர் போய்ச் சேர்ந்தது எங்கள் சினிமாவுக்கு ஈடு செய்யவே முடியாத இழப்பு.

நீங்கள் தொடங்க வேண்டியது பிரசன்ன விதானகேயின் ‘புர ஹந்த களுவர’. 1997இல் எடுத்த படம். 2000இல் அதைத் தியேட்டருக்கு வரவிடாமல் அரசாங்கம் நிறுத்தியது, உயர் நீதிமன்றம் தலையிட்டு அடுத்த வருடம் விடுவித்தது. கண் தெரியாத ஒரு கிழவர், நடித்தவர் ஜோ அபேவிக்ரம. சிப்பாயான மகனின் உடல் என்று முத்திரையிட்ட பெட்டி வருகிறது. நட்டஈட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். வீட்டில் காசுக்கு அவ்வளவு தேவை இருந்தும் அவர் போடவில்லை, மகன் செத்துவிட்டான் என்று நம்பவுமில்லை. ஒருநாள் போய்ப் புதைத்த பெட்டியைத் தோண்டி எடுக்கிறார். உள்ளே வாழைக்குற்றியும் கல்லும்.

காணாமல் போன பிள்ளை எங்கே என்று கேட்டு வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் புகைப்படங்களைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கிறார்களே, அவர்களை அறிந்த எவராலும் அந்தக் கிழவரை வேறு ஆளாகப் பார்க்க முடியாது. படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. உங்களுக்குச் சிங்களம் கதைக்க வருமென்றால் எழுத்து வரிகளை வாசிக்காமல் ஒருக்கா அவர் பேச்சை மட்டும் கேளுங்கள்.

அம்மாவையும் பக்கத்தில் இருத்துங்கள். அவர் எந்த இடத்தில் அழுதார், எந்த இடத்தில் எழும்பித் தேத்தண்ணி போடப் போனார் என்று மறக்காமல் எழுதுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள், அப்படியே இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணா