ஆன்மிகச் சங்கம் ஒன்றுக்குப் பொதுக்கூடம் கட்டும் வேலையில் நீங்கள் பங்கெடுத்தது உண்டா? அந்த நினைவுகளைச் சொல்லுங்களேன்.

உண்டு. மன்னார்குடிப் பக்கம், எங்கள் ஊர் சன்மார்க்க சங்கத்துக் கூடம். படிப்பு முடிந்து வீட்டில் இருந்த நேரம் என்பதால் சித்தாள் வேலைக்குப் போனேன்.

எதை முதலில் கட்டுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. கையிலிருக்கும் பணத்தில் ஜோதி வழிபாட்டுக்கு மண்டபத்தை எழுப்பிவிடலாம், சமையலுக்குப் பழைய கீற்றுக் கொட்டகையே போதும் என்றார்கள் பலர். மூத்தவர் ஒருவர், "வள்ளலார் ஐயா வடலூர்ல தருமச்சாலை அடுப்பை மூட்டினது 1867. ஜோதி வழிபாட்டுக்கு ஞானசபை எழுப்பினது 1872. நாம எப்படி முறையை மாத்துறது?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. அடுக்களைதான் முதலில் எழுந்தது. கூடத்துக்குச் செங்கல் சுமந்த நாங்களும் கொத்தனார்களும் அந்த அடுப்புச் சோற்றை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யார் எந்தத் தெரு என்று பார்த்தே பழகிய ஊர். எனக்குக் கூடத்தைவிட அந்தப் பந்திதான் பெரிது, இன்றைக்கும்.

எங்கள் மண் களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், தண்ணீர் பட்டால் உப்பும். மேலாகக் கடைக்கால் போட்டால் சுவர் விரிந்துவிடும். அதனால் சம்பா அறுப்பு முடிந்த கையோடு ஆழமாக வானம், அதாவது கடைக்கால் குழி, தோண்டி, களியை அள்ளிப் போட்டுவிட்டு ஆற்றுமணல் நிரப்பினோம். தண்ணீர் விட்டு விட்டு இடித்து இறுக்கினோம். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்து நம் வாய்க்கால்வரை தண்ணீர் வந்துவிட்டால் குழியில் ஊறத் தொடங்கும். அதற்குள் கடைக்கால்மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட் போட்டாக வேண்டும் என்று கொத்தனார் விரட்டிக்கொண்டே இருந்தார்.

தளம் போட்ட அன்று நடவுக்குப் போகும் பெண்கள் வரிசையாக நின்று பாண்டுச் சட்டியைக் கைமாற்றினார்கள். கூலி வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுநாள் தளத்தின்மேல் நாற்றங்காலுக்கு வரப்பு அணைப்பதுபோலப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியதும் அவர்கள்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரை பறிகொடுத்தவர்கள் அந்தக் கூடத்தில்தான் தங்கினார்கள். பலர் வீட்டில் அரிசி இருந்தது, பொங்கித் தின்ன அடுப்பு இல்லை. இருந்ததைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கரண்ட் வரும்வரை எங்கள் தெருக்காரர்களுக்கும் அங்கேதான் சமையல்.