கான்சாஸ் சிட்டியில் ரிப்ஸ்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நைட் டியூட்டி முடிந்து வந்து காலையில் உங்கள் கேள்வியைப் படித்தேன். கான்சாஸ் சிட்டிக்கு வந்து 2 மாதம் ஆகிறது, பழைய சாமான் கடையில் 8 டாலருக்கு ஒரு ஸ்லோ குக்கர், அதாவது மணிக்கணக்கில் மெதுவாகச் சமைக்கும் கரண்ட் பாத்திரம், வாங்கினேன், ஆபீஸில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் வருகிறது, ஒத்திகையாக ரிப்ஸ் என்கிற பன்றி விலாவைச் செய்து பார்த்தேன், செருப்புத் தோல் மாதிரி இருந்தது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, இன்சூரன்ஸ், கிரெடிட் ஸ்கோர் என்று நாலைந்து கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்ல உங்கள் ஆபீஸிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். கார் இல்லாமல் இந்த ஊரில் காலம் தள்ளுவது கஷ்டம், என் பங்குக்கு அதை மட்டும் சொல்கிறேன். ரிப்ஸ் விஷயத்தைத்தான் நான் விடமாட்டேன்.

ஏனென்றால் நான் 2005 ஜனவரியில் இதே ஊரில் வந்து இறங்கியவள். நாகர்கோவிலில் நர்ஸிங் படித்தேன், தேர்வுகள் எழுதினேன், ஒரு ஏஜென்சி மூலமாக வந்தேன். அவர்கள் சொன்ன வீடு வேறு, கொடுத்த வீடு வேறு. ஹீட்டர் பாதி நாள் ஓடாது, படுக்க மெத்தை கிடையாது. 12 மணி நேர ஷிஃப்ட் முடித்துப் பனியில் பஸ்ஸுக்கு நின்று வீடு வந்தால், அரிசி களையக்கூடத் தெம்பு இருக்காது. மூன்று வாரம் பிரெட்டும் முட்டையும்தான் சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மாடியில் இருந்த வயதான அம்மா ஒருவர் கதவைத் தட்டி, அலுமினியத் தாள் சுற்றிய தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். அடியில் கை வைக்க முடியாத சூடு. பிரித்தால் பன்றி விலா. எலும்பைப் பிடித்துக் கடித்தேன், சதை முரண்டு பிடிக்காமல் கழன்று வந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றுகொண்டே அத்தனையையும் சாப்பிட்டேன். மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் அவர் வீட்டில் அதைச் சமைத்த ஸ்லோ குக்கரைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம், பக்கத்தில் பூப்படம், மூடியில் சின்ன விரிசல். "இது எங்கள் ஊர்ப் பாத்திரம்" என்றார்.

உண்மைதான். இர்விங் நாக்சன் என்ற சிகாகோக்காரர் 1940-ல் காப்புரிமை பெற்ற பாத்திரம் அது. லித்துவேனியாவில் அவர் அம்மா சிறுமியாக இருந்தபோது, யூதர்களின் ஓய்வுநாளுக்கு முந்தின மாலையே சோலன்ட் என்ற குழம்பை ஊர் பேக்கரிக்குக் கொண்டுபோய், அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதைதான் அவருக்கு வித்து. கான்சாஸ் சிட்டியின் ரைவல் கம்பெனி 1970-ல் அவருடைய நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டு கிராக்பாட் என்று பெயர் வைத்து விற்றது. கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு மீன்குழம்புதான் ஞாபகம் வந்தது. கொதி வந்ததும் அம்மா விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலிலேயே மண்சட்டியை விட்டுவிடுவார். யாரும் தொடக் கூடாது.

சரி, உங்கள் தப்புக்கு வருவோம். சூடு மெதுவாக ஏறும் லோ நிலையில் 4 மணி நேரம், 2 டம்ளர் தண்ணீர், அரை மணிக்கொரு தடவை திறந்து கிளறினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே தப்பு.

விலாவைச் சுற்றி இருப்பது வெறும் சதை இல்லை, அதற்குள் நார்நாராகக் கொலாஜன் என்ற புரதம் ஓடுகிறது. 145 பாரன்ஹீட் வந்தாலே பன்றிக்கறி சாப்பிடப் பாதுகாப்பானது என்பது அரசாங்கக் கணக்கு. ஆனால் அந்தச் சூட்டில் ரிப்ஸைக் கடித்தால் பல்தான் வலிக்கும். 160-ஐத் தாண்டிய பிறகுதான் அந்த நார் மெல்ல மெல்ல இளகி ஜெலட்டின் ஆகிறது. 195-இல் இருந்து 203-க்குள் போய்ச் சேரும்போதுதான் நாம் தேடுகிற பதம். அதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நீங்கள் 4 மணி நேரத்தில் எடுத்தது பாதி வழியில் இறக்கியது. அதோடு, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் போன சூடு திரும்பி ஏற 20, 30 நிமிடம் ஆகும். அரை மணிக்கொரு தடவை திறந்தால் அந்தப் பாத்திரம் பாவம், ஏறவே முடியாமல் தவிக்கும். கண்ணாடி மூடி வழியாகப் பாருங்கள், கையை வைக்காதீர்கள்.

தண்ணீர் வேண்டவே வேண்டாம். கறியே சாறு விடும், ஆவி மூடியில் பட்டு உள்ளேயே சொட்டும். ஆப்பிள் ஜூஸும் வினிகரும் சேர்ந்து கால் கப் போதும். தண்ணீரில் மூழ்கிக் கிடந்து வெந்தால் அது அவித்த கறி, ரிப்ஸ் இல்லை.

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். "ஸ்லோ குக்கர் எதற்கு, குக்கரில் போட்டு 4 விசில் விடு" என்று சொல்பவர்கள் உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். வேகும், மறுக்கவில்லை. ஆனால் 15 வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு, "இவர்கள் சாப்பாடு சப்பென்று இருக்கும்" என்று சொல்கிறவர்களும் இவர்கள்தான். ஒரு நாள்கூட ஒரு பார்பெக்யூ கடை வாசலில் நின்றிருக்கமாட்டார்கள். பெட்டி பெட்டியாக மசாலா கொண்டுவந்து, வந்த நாள் முதல் சாம்பாரும் ரசமுமாக இருந்துவிட்டு ஊரைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. நான் பன்றிக்கறி சாப்பிடுகிறேன் என்று தெரிந்ததும் முகம் சுளித்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கே பன்றிக்கறிதான். அவரவர் தட்டு அவரவருக்கு. நீங்கள் 2 மாதத்தில் இதைச் சமைக்கத் துணிந்ததே எனக்குச் சந்தோஷம்.

இப்போது செய்முறை. கடையில் பேபி பேக் என்று கேளுங்கள். அது முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி, சின்னது, சீக்கிரம் மசியும். செயின்ட் லூயிஸ் கட் என்பது வயிற்றுப் பக்க விலாவைச் சதுரமாக நறுக்கியது, கொழுப்பும் ருசியும் அதில் கூடுதல், ஒரு மணி நேரம் அதிகம் எடுக்கும். முதல் தடவைக்குப் பேபி பேக். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றியது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் உங்கள் மசாலாவில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். இதைப் படிக்காமல் நான் ஒரு முழு ரிப்ஸைக் கெடுத்திருக்கிறேன்.

அப்புறம் சவ்வு. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எலும்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளையாக, பளபளவென்று ஒரு தோல் ஒட்டியிருக்கும். அது எவ்வளவு நேரம் வைத்தாலும் மசியாது, மசாலாவையும் உள்ளே விடாது. ஓரத்தில் இருக்கும் எலும்பின் மேல், முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தியைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து நெம்புங்கள். விரல் நுழையும் அளவுக்குத் தூக்கியதும் பேப்பர் டவலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறும் விரலுக்கு வழுக்கும். ஒரே இழுப்பாக இழுத்தால் சரசரவென்று முழுத் தோலும் உரிந்து வரும். முதல் தடவை துண்டு துண்டாகக் கிழியும், பொறுமையாக எடுங்கள். மேல்மாடி அம்மா என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தது இதைத்தான்.

ஒரு கிலோ ரிப்ஸுக்கு, பழுப்புச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பேப்ரிகா 1 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, கடுகுப் பொடி தலா 1 டீஸ்பூன். பேப்ரிகா இல்லாவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் சரியாக வரும். கரம் மசாலா வேண்டாம், கிராம்பும் பட்டையும் 7 மணி நேரத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிடும். தடவி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் ஒரு தட்டில். குக்கரின் பீங்கான் சட்டியிலேயே வைத்துவிட்டு, காலையில் குளிர்ந்த சட்டியை நேராகச் சூட்டில் வைத்தால் "டக்" என்று ஒரு சத்தம் வரும். என் முதல் சட்டி அப்படித்தான் குறுக்கே பிளந்தது.

ரிப்ஸைப் படுக்க வைக்காதீர்கள். இரண்டாக வெட்டி, சட்டியின் சுவரை ஒட்டி நிற்க வையுங்கள், சதைப் பக்கம் வெளியே பார்க்கட்டும். லோவில் 6 முதல் 7 மணி நேரம். அவசரமென்றால் ஹையில் மூன்றரை முதல் 4. பெரும்பாலான குக்கர்களில் லோவும் ஹையும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போகும், எத்தனை சீக்கிரம் போகும் என்பதில்தான் வித்தியாசம். ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு லோதான் நல்லது.

சாஸை முதலிலேயே ஊற்றாதீர்கள். இந்த ஊர் சாஸ் தக்காளியும் மொலாசஸ் என்ற கறுத்த சர்க்கரைப் பாகும் சேர்ந்த கெட்டியான இனிப்பு, மணிக்கணக்கில் வெந்தால் நீர்த்துப் போகும், ஓரத்தில் தீயும். ரிப்ஸ் வெந்ததும் இரண்டு கரண்டிகளால் தாங்கி எடுத்து, ஃபாயில் விரித்த தட்டில் வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, சாஸைப் பூசி, ஓவனில் மேலிருந்து சூடு அடிக்கும் பிராய்லரைப் போட்டு 3 முதல் 5 நிமிடம் வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். சாஸ் குமிழிட்டு ஓரம் கறுக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அபார்ட்மென்ட் ஸ்மோக் அலாரம் சும்மா இருக்காது.

ஆபீஸில் இதை பார்பெக்யூ என்று சொல்லாதீர்கள். இங்கே பார்பெக்யூ என்றால் ஹிக்கரி, ஓக் விறகின் புகை. 1900களின் தொடக்கத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் கறியைப் புகையில் வாட்டிச் செய்தித்தாளில் சுற்றி விற்றதில் தொடங்கியது இந்த ஊர்ப் பெருமை. அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட்டும், பிறகு தம்பி ஆர்தரும் நடத்திய கடை இன்றும் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். இன்னொன்று, கான்சாஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டி நடுவர்களுக்கு எலும்பை விட்டுத் தானாகக் கழன்று விழும் ரிப்ஸ் என்றால் அதிகம் வெந்தது. கடித்த இடம் மட்டும் கழன்று, பல் தடம் தெரியவேண்டும் அவர்களுக்கு. ஸ்லோ குக்கர் ரிப்ஸ் கழன்றுதான் வரும். எனக்கு அதுதான் பிடிக்கும். புகை வாசம் வேண்டுமென்றால் லிக்விட் ஸ்மோக் அரை டீஸ்பூன் சேருங்கள். நிஜ விறகுப் புகையைக் குளிர்வித்து எடுப்பது அது. அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் கசக்கும்.

உங்கள் 8 டாலர் குக்கரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பழையதை நம்பிக் கறியைப் போடாதீர்கள். பாதி அளவு தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் வையுங்கள். திறந்த உடனே தெர்மாமீட்டர் வைத்தால் 185-க்கும் 200-க்கும் நடுவில் காட்டவேண்டும். குறைந்தால் தூக்கிப் போடுங்கள், அது கறியைச் சமைக்காது, கிருமியை வளர்க்கும். ஒயரில் வெடிப்பு இருந்தாலும் அதேதான். உறைந்த கறியை அப்படியே உள்ளே போடவே கூடாது, முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இளக வையுங்கள். மீந்ததைச் சூடு பண்ணவும் இது உதவாது, அதற்கு அடுப்போ மைக்ரோவேவோ இருக்கிறது. ராஜ்மாவைப் பச்சையாக இதில் போடாதீர்கள், ஊறவைத்து, வேறு தண்ணீரில் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான். இல்லாவிட்டால் அதிலுள்ள நச்சு போகாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். எமர்ஜென்சி வார்டில் பார்த்ததை எல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

ஒரு பனிப்புயல் ராத்திரி நான் டியூட்டியில் இருந்தபோது வீட்டில் கரண்ட் போயிருக்கிறது. காலையில் வந்தால் குக்கர் ஆறிக் கிடந்தது. எத்தனை மணிக்குப் போனது என்று தெரியாது. கூட இருந்த பெண், நம் ஊர்ப் பெண்தான், "சூடு பண்ணினால் சரியாகிவிடும், இவ்வளவு காசு போட்டு வாங்கியதை" என்றாள். எனக்கும் மனசில்லைதான், அப்போது ஒரு பாக்கெட் ரிப்ஸ் என்பது எனக்குப் பெரிய காசு. ஆனாலும் முழுவதையும் குப்பையில் கொட்டினேன். நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் போயிருந்தால் நீங்களும் கொட்டிவிடுங்கள்.

மேல்மாடி அம்மா 2011-ல் மகள் வீட்டோடு போனபோது அந்த ஆரஞ்சுப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்றும் ஓடுகிறது, போன மாதம்கூடத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், 195 காட்டியது. ஊருக்குப் போகும்போது ஒன்று கொண்டுபோகலாமா என்று நினைக்காதீர்கள், இங்கே 120 வோல்ட், அங்கே 230. செருகியதும் கருகிவிடும்.

பாட்லக் வெள்ளிக்கிழமை என்றால் வியாழன் மாலையே சவ்வை உரித்து மசாலா தடவிவிடுங்கள். காலை 5 மணிக்கு லோவில் போட்டால் மதியத்துக்குத் தயார். பரிமாறும் வரை சூடு ஆறாமல் வைக்கும் வார்ம் நிலையில் இருக்கட்டும். பாத்திரத்துக்கு முன்னால் பன்றிக்கறி என்று பெரிதாக எழுதிய ஒரு சீட்டு வையுங்கள், சாப்பிடாதவர்களும் இருப்பார்கள். கை துடைக்கப் பேப்பர் டவல் ஒரு முழு ரோல் எடுத்துக்கொண்டு போங்கள்.