கண்காட்சிக்கு முன்னால் விண்ணப்பம்

அம்பத்தூரில் புராடக்ட் டிசைனர் வேலை, வாரம் இரண்டு நாள் கல்லூரி வகுப்பு, நடுவில் சொந்தமாக ஸ்கூட்டரில் பை மாட்டும் கொக்கி. மூன்றில் எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் விட வேண்டாம்.

ஆனால் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தக் கொக்கியை அடுத்த மாதம் மாணவர் கண்காட்சியில் வைக்கப் போவதாக! அதுதான் எனக்குத் திக்கென்றது. பொறுங்கள். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, வடிவத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கும் முன்பே வெளியில் காட்டிவிட்டால் அதன் புதுமை போய்விடும், பதிவு கிடைக்காது. கிண்டி காப்புரிமை அலுவலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். பதிவானால் 10 வருடம் உரிமை, நீட்டித்தால் இன்னும் 5. அதற்கும் முன்னால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வரைந்தது யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு வரி இருக்கும்.

அப்புறம், கொக்கியை வார்க்கும் அச்சு. லட்சங்களைக் கொட்டாதீர்கள். ரப்பர் போன்ற சிலிகோன் அச்சு ஒன்றில் சுமார் 20 பீஸ் ஊற்றலாம். கோயம்பேட்டில் காய்கறி வாங்கிவரும் ஆட்களிடம் கொடுத்து ஒரு மாதம் ஓட்டச் சொல்லுங்கள். நான் முதல் பொருளுக்கே நேராக ஸ்டீல் அச்சு வெட்டினேன். ஒரு டப்பா மூடி. அம்மாவின் ஈரக் கையில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது. அச்சு மோட்டார் ரூமில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

வகுப்பு நாட்களை மட்டும் அடுத்தடுத்த நாட்களாகக் கேட்டு வாங்குங்கள். திங்கள், வியாழன் என்று பிரித்தால் வாரமே காலி.