ஸ்ட்ரைக்கரை முந்தி ஓடும் காய்

கேள்வி: ஐயா, கேரம் ஆடும்போது ஒன்றைக் கவனித்தேன். நான் அடித்த ஸ்ட்ரைக்கர் வரும் வேகத்தைவிட, அடிபட்ட காய் வேகமாக ஓடுகிறது. ஆற்றல் புதிதாக உண்டாகாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது?
– பதினோராம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: பலகையைப் பார்த்துக் கேட்டிருக்கிறாய், மகளே. 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைய பொழுதே நிறைந்துவிடும். உன் கண் பொய் சொல்லவில்லை. காய் வேகமாகத்தான் ஓடுகிறது.

ஆட்ட விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது; காய் 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கலாம். கணக்குக்கு 15, 5 என்று வைத்துக்கொள். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, நிற்கும் காயை நேருக்கு நேர் இடிக்கிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம்: 15 × 2 = 30. மீட்சி மோதலாக, அதாவது ஓட்டத்தின் ஆற்றல் சற்றும் கழியாத மோதலாக இருந்தால், இடித்த பிறகு ஸ்ட்ரைக்கர் 1 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும். காய் 3 மீட்டர் வேகத்தில் பாயும். இதன் உந்தம் 15, அதன் உந்தம் 15. கூட்டினால் பழைய 30.

இனி இயக்க ஆற்றல், அதாவது ஓட்டத்தால் வரும் ஆற்றல். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் (வேகம் × வேகம்) பெருக்கு. முதலில் ஸ்ட்ரைக்கரிடம் இருந்தது 30 மில்லிஜூல். பிறகு அதனிடம் 7.5, காயிடம் 22.5. இதுவும் 30தான். முக்கால் பங்கு ஆற்றல், மூன்றில் ஒரு பங்கு நிறையே உள்ள காய்க்குப் போய்விட்டது. வாங்கியவன் மெலிந்தவன், அதனால்தான் அவ்வளவு வேகம். புதிதாக எதுவும் பிறக்கவில்லை. கொடுத்த ஸ்ட்ரைக்கர் தளர்ந்துபோனதையும் சேர்த்துப் பார்த்திருந்தால் உனக்கே விளங்கியிருக்கும்.

இத்துடன் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உண்மையான பலகையில் இந்தக் கணக்கு சற்றுப் பிசகும். வீட்டில் செய்து பார்: பவுடர் தூவி, ஒரு காயை நடுவில் வை. அதே எடையுள்ள இன்னொரு காயைச் சுண்டி, அதன்மேல் நேராக மோதவிடு. மீட்சி மோதல் என்றால் வந்த காய் மோதிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஆனால் குனிந்து பார்த்தால், அது நிற்காமல் இம்மியளவு முன்னே ஊர்ந்து அடங்கும். அந்தச் சிறு ஊர்தலை நான் வகுப்பில் மாணவர்களை மேசையைச் சுற்றி நிற்கவைத்துக் காட்டுவேன். கேட்டாயே அந்த ‘டக்’ என்ற ஓசை, அதுவும் ஆற்றல்தான். காய்களில் ஏறும் சிறு வெப்பமும் அப்படியே.

முதல் கணக்கில் இரண்டும் விலகும் வேகம் 3 − 1 = 2 மீட்டர்; நெருங்கிய வேகமும் அதுவே. விலகும் வேகம் 1.8 மீட்டராகக் குறைந்தால் என்ன ஆகும்? ஸ்ட்ரைக்கருக்கு 1.05, காய்க்கு 2.85 மீட்டர். உந்தத்தைக் கூட்டு: 15.75 + 14.25. இம்மி பிசகாமல் 30. இயக்க ஆற்றலைக் கூட்டு: ஏறக்குறைய 28.6 மில்லிஜூல்தான். குறைந்த 1.4 ஓசையாகவும் வெப்பமாகவும் போய்விட்டது. உந்தத்துக்கு அப்படி மாறிப்போக வேறு வடிவம் கிடையாது. பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். எந்தக் கணக்கிலும் உந்தத்தை முதலில் எழுது. ‘மீட்சி மோதல்’ என்று சொல்லியிருந்தால் மட்டும் இயக்க ஆற்றலைச் சமப்படுத்து.

கேள்வி: லாரியும் சைக்கிளும் மோதினால் எதன்மேல் விசை அதிகம்?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: இரண்டின்மேலும் ஒரே அளவு, எதிரெதிர்த் திசையில். நிறை குறைந்த சைக்கிளின் வேகம்தான் பெரிதாக மாறுகிறது. அடிபடுவதும் அதனால்தான்.

கேள்வி: என் மகன் மேசையில், ஐந்து உருண்டைகள் வரிசையாக ஒட்டித் தொங்கும் நியூட்டன் தொட்டில் வைத்திருக்கிறான். இரண்டு உருண்டைகளை இழுத்துவிட்டால் மறுபுறம் இரண்டு எழுகின்றன. ஒரே உருண்டை இரு மடங்கு வேகத்தில் எழுந்தால் என்ன?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அருமையான கேள்வி, அம்மா. உந்தம் அதை அனுமதிக்கும்: இரண்டு உருண்டை, ஒரு பங்கு வேகம்; ஒரு உருண்டை, இரு பங்கு வேகம். பெருக்கினால் இரண்டும் ஒன்றே. தடுப்பது ஆற்றல். வேகத்தின் இருமடியை உருண்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கும்போது முதலாவதற்கு 2 வருகிறது, இரண்டாவதற்கு 4. அந்த உபரி 2 எங்கிருந்தும் வர முடியாது. தொட்டிலை நிறுத்தாமல் ஆடவிட்டுக் கவனியுங்கள். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஆற்றல் கழிந்து, கடைசியில் ஐந்து உருண்டைகளும் ஒட்டியபடி ஒன்றாக மெல்ல ஆடும்.