மெழுகு சொட்டியதுபோல் மீன்மேல் ஒரு வளர்ச்சி: கோய் வளர்ப்போர் கேள்விகளுக்கு விடை

கேள்வி: வீட்டின் பின்புறம் கருங்கல் வைத்துக் கட்டிச் சிமெண்டு பூசிய தொட்டியில் ஐந்து ஆண்டுகளாகக் கோய் என்னும் அழகுக் கெண்டை மீன் வளர்த்து வருகிறேன். தொட்டியின் நீளம் 4 மீட்டர், அகலம் 2.5 மீட்டர், நீரின் ஆழம் 1.2 மீட்டர். ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் விடுகிறேன். உள்ளவை பதினொரு மீன்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து, பெரிய பெண் மீன் ஒன்றின் முதுகுத் துடுப்பிலும் வாலிலும் மெழுகுவத்தி உருகிச் சொட்டி உறைந்ததுபோல் வெண்மையான திட்டுகள் தோன்றின. மார்கழியில் அவை பெருகிவிட்டன. சில திட்டுகளில் இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. மீன் இரையை நன்றாக எடுக்கிறது. கல் உப்புப் போட்டேன், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு இருமுறை போட்டேன், பயனில்லை. மீன் விற்பவர் ‘லிம்போசிஸ்டிஸ்’ என்கிறார். உறவினர் ஒருவர் புற்றுநோய் என்கிறார். இணையத்தில் ஹெர்பிஸ் என்று படித்ததிலிருந்து வீட்டில் குழந்தைகளைத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை. திட்டுகளைச் சுரண்டி எடுத்துவிடலாமா, அல்லது மற்ற மீன்களைக் காக்க இதைக் கொன்றுவிடுவதுதான் வழியா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: சுரண்டவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம். முதலில் மருந்து போடுவதை நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் நோயை அறிய உதவும் சொல் ‘கார்த்திகை’ என்பதுதான். திட்டுகள் எந்த மாதத்தில் தோன்றின, எந்த மாதத்தில் பெருகின என்று பெரும்பாலோர் எழுதுவதில்லை. நீங்கள் எழுதியிருப்பதால்தான் நேரில் காணாமலேயே ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது.

நீங்கள் சொல்லும் தோற்றம், மீன் இரை எடுப்பது, குளிர் தொடங்கியதும் திட்டுகள் தோன்றியது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இது ‘கார்ப் பாக்ஸ்’ எனப்படும் கெண்டை அம்மையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஐரோப்பாவில் கெண்டை வளர்த்தோர் பல நூற்றாண்டுகளாகவே இதை அறிந்திருந்தனர். இதற்குக் காரணமான வைரஸை 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மீன்களிலிருந்து பிரித்தெடுத்தனர். சைப்ரினிட் ஹெர்பிஸ் வைரஸ் 1 என்பது அதன் பெயர். ஒருமுறை தொற்றினால் மீனின் உடலில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். நீர் வெதுவெதுப்பாக இருக்கும்வரை மீனின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைத்திருக்கும். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும்போது அந்த எதிர்ப்பாற்றல் மந்தமாகிவிடுவதால், வைரஸ் தலைதூக்கித் தோலின் மேல்தோல் செல்களை அளவின்றிப் பெருகச் செய்கிறது. அந்தப் பெருக்கமே நீங்கள் காணும் மெழுகுத் திட்டு. தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பகுதிகளின் மார்கழிக் குளிர் நீங்கள் அறியாததன்று. திறந்தவெளிச் சிமெண்டுத் தொட்டியின் நீர் அம்மாதத்து விடியற்காலையில் 20 பாகைக்குக் கீழே போவது இயல்பே. தருமபுரிச் சமவெளியில் இதே மீனை இதே கவனிப்பில் வளர்த்திருந்தால், ஒருவேளை இத்திட்டுகளை நீங்கள் பார்த்தேயிருக்க மாட்டீர்கள்.

ஆயினும் கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியன்று. நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் சில உள்ளன. வாய் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் மீன் வாழும் தொட்டியின் நீரையே நிரப்பி, மீனை வலையில் தூக்காமல், வலையால் மெல்ல ஓரத்துக்கு ஓட்டி, நீருக்குள்ளேயே அந்தத் தொட்டிக்கு மாற்றுங்கள். கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும்; உலர்ந்த கை மீனின் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் வைத்து, ஒரு பூதக்கண்ணாடியால் திட்டின் ஓரத்தை மட்டும் பாருங்கள். கெண்டை அம்மையின் ஓரம் தோலோடு வழவழவென்று இணைந்திருக்கும், மேற்பரப்பு பளபளக்கும், துடுப்பின் முள் வழியே திட்டு ஓடியிருந்தால், தூணில் வழிந்த மெழுகு போலவே தோன்றும். விரல் நுனியால் தொட்டால் சற்று உறுதியாக இருக்கும், குழையாது.

பூஞ்சையாக இருந்தால் நீருக்குள் பஞ்சுபோல் விரிந்து அசையும். துடுப்பை ஒரு நொடி நீருக்கு மேல் உயர்த்தினால் நனைந்த பஞ்சாக ஒட்டிப் படுத்துவிடும். மெழுகுத் திட்டு நீருக்குள்ளும் வெளியிலும் ஒரே வடிவில் நிற்கும். இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். எபிஸ்டைலிஸ் என்னும் ஒட்டுயிர், அழுக்கு மிகுந்த நீரில் செதில் ஓரங்களிலும் துடுப்பு முட்களிலும் வெண்குஞ்சமாகப் படியும். அதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது கடினம். வழுவழுப்பில் சிறிது வழித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தொட்டி நீரோடு வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், காம்புகளின் நுனியில் மணிகள் கோத்ததுபோல் உயிரிகள் சுருங்கி விரிவது நன்றாகத் தெரியும். அது எபிஸ்டைலிஸ் என்றால் உப்புக்குக் கட்டுப்படும், நீரும் சீர்பட வேண்டும். கெண்டை அம்மைக்கு உப்பால் எப்பயனும் இல்லை.

மீன் விற்பவர் சொன்ன லிம்போசிஸ்டிஸாக இருக்குமோ என்ற ஐயம் வேண்டாம். அது வேறொரு வைரஸ் குடும்பத்தால் வருவது. பூக்கோசு போன்ற கட்டிகளைத் தோற்றுவிப்பது. ஆனால் கெண்டை இன மீன்களைத் தாக்குவதில்லை. கோய் என்பது அழகுக்காக நிறம் தேர்ந்து பெருக்கிய சாதாக் கெண்டையே. எனவே கோய் மீனில் இத்தகைய வளர்ச்சியைக் கண்டு லிம்போசிஸ்டிஸ் என்று பெயரிடுவது, படத்தைப் பார்த்து நோயைச் சொல்வதால் வரும் பிழை.

ஹெர்பிஸ் என்ற சொல்லைக் கண்டு வீட்டார் அஞ்சுவது இயல்பே. ஆனால் அது மிகப் பெரிய வைரஸ் குடும்பத்தின் பெயர். அதில் மனிதருக்கு வருவன வேறு, மீனுக்கு வருவன வேறு. கெண்டை அம்மை மனிதருக்கோ நாய்க்கோ மாட்டுக்கோ தொற்றுவதில்லை. பிள்ளைகள் வழக்கம்போல் இரை போடட்டும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது மட்டும் யாரும் தொட்டிக்குள் கையை விட வேண்டாம். மீன் தொட்டிகளில் வாழும் மைக்கோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா வகை ஒன்று காயத்தின் வழியே புகுந்து நாள்பட்ட தோல் புண்ணை உண்டாக்கும். இது அம்மையால் வருவதன்று. கோய் வளர்க்கும் எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கை.

இணையத்தில் நீங்கள் படித்தது பெரும்பாலும் கோய் ஹெர்பிஸ் வைரஸைப் பற்றியதாக இருக்கும். அது அதே குடும்பத்தின் மூன்றாவது வைரஸ். 1998-இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் பெருமளவில் மீன்களைக் கொன்றபோது கண்டறியப்பட்டது. அது மெழுகுத் திட்டுகளை உண்டாக்குவதில்லை. செவுள்கள் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக அழுகும், கண் உள்வாங்கும், மீன் இரையை மறுத்து நீர்ப்பரப்பில் மூச்சு வாங்கும், சில நாள்களில் தொட்டியில் பெரும்பாலானவை மடிந்துவிடும். ஐந்து ஆண்டுகளாக வாழ்ந்து, இன்றும் இரைக்கு ஓடி வருகிற உங்கள் மீனுக்கு இருப்பது அந்நோய் அன்று.

சுரண்டுவதைப் பற்றிச் சொல்லும்போது என் பட்டறிவை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஓசூரில் நண்பர் வீட்டுத் தொட்டியில் இதே போன்ற மீன் ஒன்றைக் கண்டு, நகத்தால் இலேசாக எடுத்தால் போதும் என்று எண்ணி வாலில் இருந்த ஒரு திட்டை உரித்தேன். எளிதாகவே வந்துவிட்டது. ஆனால் அதன் அடியில் பச்சைத் தோல் சிவந்து தெரிந்தது. ஒரு வாரத்தில் அவ்விடம் குழிந்த புண்ணாயிற்று. வால் துடுப்பின் கீழ்ப்பாதி அழுகிப்போயிற்று. மற்ற திட்டுகள் பங்குனியில் தாமாக மறைந்தன. அந்த மீன் பிழைத்தது, ஆனால் வால் முன்போல் வளரவேயில்லை. குளிர்ந்த நீரில் காயம் ஆற வெகு நாளாகும். நீரில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவுக்கு அந்தக் காயமே வாசல்.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு வெப்பமானி வாங்கித் தொட்டியில் கட்டித் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், விடியற்காலையிலும் பிற்பகலிலும் வெப்பநிலையைக் குறித்து, அதே துடுப்பை அதே பக்கத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். நீர் 20 பாகையைத் தாண்டி நிலைத்த பின் திட்டுகள் மெலிந்து, உதிர்ந்து, சித்திரைக்குள் மறைந்தால், நோய் இன்னதென்று அந்தப் படங்களே சான்று. அடுத்த குளிரில் திரும்ப வரக்கூடும். வந்தாலும் அஞ்ச வேண்டாம். மருந்து எதுவும் இந்த வைரஸை உடலிலிருந்து நீக்காது. பெர்மாங்கனேட்டை மீண்டும் போடவே கூடாது என்பதை அழுத்தியே சொல்கிறேன்: உங்கள் தொட்டியின் கொள்ளளவு 12,000 லிட்டர், அளவு சிறிது மிகுந்தாலும் செவுள் வெந்துவிடும், காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில், அது மாங்கனீசு வீழ்படிவாக மாறிச் செவுளில் படியும் இடரும் உண்டு. உப்பையும் முழுத்தொட்டிக்கு 0.3 விழுக்காடு என்று கணக்கிட்டால் 36 கிலோ வேண்டும். அதைப் போட்டாலும் அம்மைக்குப் பயனில்லை.

அந்தக் கவனத்தை நீரின் மேல் செலுத்துங்கள். அம்மோனியா, நைட்ரைட்டு, காரத்தன்மை மூன்றையும் பார்க்கும் சோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கிறது. முதல் இரண்டும் சுழியத்தில் நிற்க வேண்டும். குளிர் நாள்களில் இரையைக் குறைத்து, வெயில் ஏறிய பிறகு ஒருவேளை மட்டும் போடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை நேரே விடாமல், உயரத்திலிருந்து தெறித்து விழுமாறு விட்டால் உயிர்வளி கலக்கும். ஒரே நேரத்தில் பாதித் தொட்டியை மாற்றி வெப்பநிலையைத் திடீரென ஏற்றியிறக்க வேண்டாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? கோடை வந்தும் ஒரே ஒரு கட்டி மட்டும் மறையாமல் வளர்ந்தால், அல்லது அது செதிலுக்கு அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து, இரத்தம் கசிந்தால், அப்போது உங்கள் உறவினர் சொன்ன ஐயத்துக்கு இடம் உண்டு. நிறச் செல்களிலும் நரம்பு உறையிலும் கோய் மீனுக்குக் கட்டிகள் வருவதுண்டு. அதைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எவராலும் இயலாது. கால்நடை மருத்துவர் மீனை மயக்கி, கட்டியின் சிறு துண்டை எடுத்து, அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 விழுக்காட்டு ஃபார்மலின் கரைசலில் இட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அத்துண்டைக் குளிர்பெட்டியின் உறைநிலையில் வைத்தால் செல்கள் உடைந்து பரிசோதனை வீணாகும். கெண்டை அம்மையில் மேல்தோல் மட்டும் தடித்திருக்கும், அடித்தோலுக்குள் இறங்கியிராது. புற்று என்றால் எல்லை மீறி இறங்கியிருக்கும். பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருப்பது நம் மாவட்டத்தாருக்கு வசதி. படங்களையும் வெப்பநிலைக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு சென்று வழி கேளுங்கள்.

புதிய மீன் வாங்கினால் ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்த்து விடுங்கள். கிருஷ்ணகிரி அணையில் பிடித்த சாதாக் கெண்டையை அழகுக்காகக் கோய்த் தொட்டியில் விடுவோர் உண்டு. இரண்டும் ஒரே இனம் என்பதால் ஒன்றின் நோய் மற்றொன்றுக்கு எளிதில் வரும். உங்கள் மீனையும் எக்காரணம் கொண்டும் ஏரியிலோ அணையிலோ விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் ஆண் கோய் மீனின் மார்புத் துடுப்பின் முன்முள்ளிலும் செவுள் மூடியிலும் வெள்ளை மணிகள் வரிசையாகத் தோன்றியுள்ளன. தொட்டால் உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருக்கிறது. வெண்புள்ளி நோய்க்கு மருந்து போடலாமா?
– வாசகர், தருமபுரி

பதில்: வேண்டாம். இது நோயே அன்று. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் கெண்டைக்குத் தோன்றும் மணிகள் இவை. பருவம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். வெண்புள்ளி நோயில் புள்ளிகள் உடல், வால், துடுப்பு என எங்கும் சிதறியிருக்கும். மீன் தொட்டிச் சுவரில் உடலை உரசிக்கொண்டு ஓடும். உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. மணிகள் இரு பக்கமும் ஒரே ஒழுங்கில், ஆண் மீன்களிடம் மட்டும் இருப்பதே போதிய அடையாளம்.

கேள்வி: மீனின் முதுகில் சிவந்த புடைப்பு ஒன்றிலிருந்து, அரை அங்குல நீளத்தில் பசுமை கலந்த வெண்ணிற நார் ஒன்று தொங்குகிறது. இதுவும் தோல் வளர்ச்சிதானா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: அல்ல. அது லெர்னியா என்னும் நங்கூரப் புழு. பெயர் புழுவாயினும் இறால் இனத்துக்கு உறவான ஒட்டுண்ணி. அதன் தலைப்பகுதி நங்கூரம்போல் சதைக்குள் பதிந்திருக்கும். வெளியே தொங்கும் நாரின் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால், அவை முட்டைப் பைகள். மீனை நனைந்த துணியில் பிடித்து, புழுவைத் தோலை ஒட்டி அடியில் பற்றி, இடுக்கியால் மெதுவாக நேரே இழுங்கள். நடுவில் பிடித்தால் அறுந்து தலை உள்ளேயே தங்கிவிடும். எடுத்த இடத்தில் போவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள். பிடுங்குவதோடு வேலை முடிவதில்லை: நீரில் நீந்தும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியா. அவற்றைக் கொல்லும் மருந்தையும் அளவையும் மீன்வள அலுவலரிடம் கேட்டு, அவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் மீண்டும் போட வேண்டும்; புதிதாகப் பொரிப்பவை வந்துகொண்டே இருப்பதால், ஒருமுறை போட்டு நிறுத்தினால் அடுத்த மாதமும் இதே கடிதத்தை எழுத நேரும்.