சின்னத் திறந்த பாய்ப்படகு முல்லைத்தீவுக் கடலைத் தாங்குமா?

நந்திக்கடல் களப்பில் ஓட்ட 15 அடித் திறந்த பாய்ப்படகு வாங்கப்போகிறீர்கள். முல்லைத்தீவுக் கடலுக்கும் அது போதுமா, நனைவோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நனைவீர்கள். காற்றை எதிர்த்து ஏறும்போது அணியம், அதாவது படகின் முன்பகுதி, உடைக்கும் அலையை அதே காற்று உங்கள் முகத்தில் கொண்டுவந்து கொட்டும். அணியத்தின் மேல் சிறு தளமும் வெளிப்புறம் விரிந்த பக்கங்களும் இருந்தால் கொஞ்சம் குறையும். காற்றோடு போனால் சட்டை காய்ந்தே இருக்கும். களப்பில் ஆழம் குறைவு என்பதால் அலை சின்னதானாலும் கிட்டக்கிட்டச் செங்குத்தாக எழும். தெறிப்புக்கு அங்கேயும் பஞ்சமில்லை.

தெறிப்பைவிட உள்ளே தேங்கும் தண்ணீருக்குத்தான் பயப்படவேண்டும். 100 லீற்றர் என்றால் 100 கிலோ. படகு சாயும் பக்கம் அதுவும் ஓடி இன்னும் சாய்க்கும். மூடிய மிதவை அறைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மிதவை அங்கி போட்டுக்கொண்டு, கவிழ்த்து நிமிர்த்தி இறைக்கக் களப்பிலேயே பழகுங்கள்.

பிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963இல் 15 அடி 10 அங்குல வேஃபாரர் என்ற திறந்த பாய்ப்படகில் ஸ்கொட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கே போனார். அந்தத் துணிச்சல் படகோடு சேர்ந்து விலைக்கு வராது.

வாடை என்ற வடகிழக்குப் பருவக்காற்று கிளம்பினால் கடலுக்கு இறங்கவே வேண்டாம். எனக்குப் பெரிய பயம் சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. கரையோரம் கடல் தட்டையாகக் கிடந்து ஆசை காட்டும். இழுபட்டுப் போனபிறகு காற்றை எதிர்த்துத்தான் திரும்பவேண்டும். பாயைச் சுருக்கத் தெரியாதவர் அந்த மாதங்களில் கரையிலேயே நிற்கட்டும்.