நார்த்ஃபீல்டில் ஊரோடு கலப்பது எப்படி? கேள்வி பதில்

மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிசுக்குத் தெற்கே காரில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது நார்த்ஃபீல்டு. ஏறக்குறைய இருபதாயிரம் பேர், இரண்டு கல்லூரிகள், ஊர் நடுவே கேனன் ஆறு. “பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு” என்பது ஊர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட வாசகம். நான் இங்கே குடிவந்து பதினாறு வருடம் ஆகிறது. புதிதாக வந்தவர்களும் வரப்போகிறவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, செப்டம்பரில் கார்ல்டன் கல்லூரியில் சேருகிறேன். சென்னையில் வளர்ந்தவன். “அந்தச் சின்ன ஊரில் நாலு வருஷம் என்ன பண்ணுவே?” என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். போரடிக்குமா?

தம்பி, முதல் மாதம் போரடிக்கும். கடற்கரை இல்லை, ராத்திரி பத்து மணிக்கு டீக்கடை இல்லை. அதற்குப் பிறகு எதற்குப் போவது, எதை விடுவது என்பதுதான் சிரமமாக இருக்கும்.

கல்லூரிக்குள்ளேயே தொடங்கு. வெள்ளிக்கிழமை காலை 10:50க்கு ஸ்கின்னர் சேப்பலில் ‘கான்வகேஷன்’ என்று ஒரு சொற்பொழிவு நடக்கும். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பட்டமளிப்பு விழா என்று பொருள். இங்கே அது வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசவைக்கும் வாரக்கூட்டம். ஊர்க்காரர்களும் வந்து உட்காருவார்கள். மாதத்தின் முதல் வெள்ளி இரவில், வானம் தெளிவாக இருந்தால், குட்செல் வானாய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1887இல் கட்டியது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ரயில்கள் ஓடியதே இங்கிருந்து தந்தியில் போன நேரக் கணக்கை வைத்துத்தான். அந்தப் பழைய பித்தளைத் தொலைநோக்கியில் சனி கிரகத்தின் வளையத்தை முதன்முதலாகப் பார்த்தபோது என் மகளுக்கு ஆறு வயது. “ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்களாம்மா?” என்று கேட்டாள். வரிசையில் பின்னால் நிற்பவர்களை மறந்து திரும்பத் திரும்பப் பார்த்தாள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்றின் மேல் இருப்பது செயின்ட் ஓலாஃப் கல்லூரி. இரண்டுக்கும் நடுவே பழைய போட்டி. 1977இல் இரண்டும் ஆடிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் மைதானத்தை யார்டுக்குப் பதில் மீட்டரில் அளந்தார்கள். செயின்ட் ஓலாஃப் 43–0 என்று ஜெயித்தது. உங்கள் கல்லூரிக்காரர்களிடம் ஸ்கோரைக் கேட்காதே.

அந்த ஊரில் கொள்ளைக்காரன் பெயரில் வருஷா வருஷம் விழா எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அது ஒப்பவில்லை. நிஜமாகவா?

பெயரை முழுசாகச் சொன்னால் உங்களுக்கு ஒப்பும்: ‘ஜெஸ்ஸி ஜேம்ஸைத் தோற்கடித்த நாட்கள்’. இதைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

1876 செப்டம்பர் 7. எட்டுப் பேர் கொண்ட ஜேம்ஸ்–யங்கர் கும்பல் டிவிஷன் தெருவில் இருந்த வங்கியைக் கொள்ளையடிக்க வந்தது. மூன்று பேர் உள்ளே புகுந்தார்கள். வழக்கமான காசாளர் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சி பார்க்கப் போயிருந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜோசப் லீ ஹேவுட், 39 வயது. கார்ல்டன் கல்லூரிக்கும் அவர்தான் பொருளாளர். பெட்டகத்தைத் திற என்று கழுத்தில் கத்தி வைத்தார்கள், அடித்தார்கள். திறக்க மாட்டேன் என்றார். கடைசியில் சுட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கையில் சிக்கியது 26 டாலர் 70 சென்ட்.

அதற்குள் வெளியே ஊர் விழித்துக்கொண்டது. இரும்புச் சாமான் கடைக்காரர் மேனிங் தெருமுனையிலிருந்தும், விடுமுறைக்கு வந்திருந்த மருத்துவ மாணவர் வீலர் எதிர் ஹோட்டல் ஜன்னலிலிருந்தும் சுட்டார்கள். ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கும்பலில் இரண்டு பேர் தெருவிலேயே செத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மடேலியா என்ற ஊருக்குப் பக்கத்தில் யங்கர் சகோதரர்கள் மூவரும் பிடிபட்டார்கள். ஜெஸ்ஸியும் அவன் அண்ணனும் தப்பிவிட்டார்கள்.

அன்று இன்னொருவரும் குண்டடிபட்டார், சில நாளில் இறந்தார். நிக்கலஸ் குஸ்டாஃப்சன், ஸ்வீடனிலிருந்து வந்து கொஞ்ச காலமே ஆனவர். தெருவைவிட்டு விலகு என்று ஆங்கிலத்தில் கத்தியது அவருக்குப் புரியவில்லை என்பார்கள். மொழி தெரியாத ஊருக்கு வந்து சேர்ந்தவள் என்பதால் இந்த விழாவில் என் நெஞ்சில் தைப்பது அவர் கதைதான்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு அடுத்த வாரக்கடைசியில் விழா. அந்த வங்கி இப்போது அருங்காட்சியகம். அதன் வாசலில், அதே தெருவில், உள்ளூர்க்காரர்களே குதிரையில் வந்து கொள்ளையை நடித்துக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ஊர்வலம். இது முழுக்க முழுக்க வாலண்டியர்களால் நடப்பது. நான் எட்டு வருடமாகக் கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தும் வேலை செய்கிறேன். வெற்று வெடிதான், ஆனால் செங்கல் சுவர்களுக்கு நடுவே அது எழுப்புகிற சத்தத்துக்குக் கைக்குழந்தைகள் வீரிட்டு அழும். அதனால் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு வரிசையில் நடந்து, குழந்தை வைத்திருப்பவர்களைக் கொஞ்சம் பின்னே போகச் சொல்வேன். புகை கலைந்ததும் செத்தவர்களாக நடிப்பவர்கள் தெருவில் விழுந்து கிடப்பார்கள். அந்த நேரம் கூட்டத்தில் பேச்சே இருக்காது.

வணக்கம் அக்கா. கணவர் வேலைக்காக வந்திருக்கிறோம், எனக்கு H-4 விசா, வேலை அனுமதி இல்லை. வீட்டிலேயே இருந்து மனசு வெறுத்துப்போகிறது. சம்பளமில்லாமல் எங்காவது உதவிக்குப் போகலாமா? விசாவுக்குச் சிக்கல் வருமா?

போகலாம் அம்மா, ஆனால் எல்லையைத் தெரிந்துகொண்டு போங்கள். லாப நோக்கமில்லாத அமைப்பாக இருக்க வேண்டும். வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற வேலையாக இருக்கக் கூடாது. பதிலுக்குப் பணமோ பண்டமோ வாங்கக் கூடாது. அதனால் இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் தரும் உணவு வங்கியில் அடுக்குவது, நூலக நிகழ்ச்சியில் உதவுவது, விழாவில் வழிகாட்டுவது எல்லாம் சரி. தெரிந்தவர் கடையில் “சும்மா ரெண்டு மணி நேரம்” பில் போடுவது கூடாது. நட்பாகக் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். F-1 மாணவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான், அவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். சந்தேகமான வேலை என்றால் வக்கீலிடம் கேட்பது நல்லது.

இன்னொன்று. குழந்தைகளோடும் முதியவர்களோடும் செய்கிற வேலைக்குப் பின்னணி சரிபார்ப்பு உண்டு. அது முடியச் சில வாரம் பிடிக்கலாம். உங்களிடம் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு இடத்தில் விண்ணப்பம் மூன்று மாதம் கிடப்பில் கிடந்தது, காரணம் அந்த எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்ததுதான் என்று கடைசியில் தெரிந்தது. அதனால் சரிபார்ப்பு தேவைப்படாத வேலையில் இந்த வாரமே சேர்ந்துகொண்டு, மற்றதற்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

உணவு வங்கியில் உண்மையில் என்ன வேலை இருக்கும்? எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

கை சரளமாக இருந்தால் போதும். வந்து சேரும் டின்களைத் தரம் பார்த்துப் பிரித்து வைப்பதுதான் முதல் வேலை. தேதியைப் பார்க்க வேண்டும். டின்னின் நடுவில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை, விளிம்பிலோ மடிப்பிலோ நசுங்கியிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். உள்ளே காற்று புகுந்திருக்கலாம். உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், குப்பைக்கு. ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

நம் கைப்பழக்கம் அங்கே எவ்வளவு உதவுகிறது என்பதைப் போனால்தான் தெரிந்துகொள்வீர்கள். ஒருமுறை காய்ந்த கொண்டைக்கடலைப் பொட்டலங்கள் அலமாரியில் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தன. டின்னில் வெந்த கடலையை எடுப்பவர்கள், இதை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். “ராத்திரி ஊறவை, காலையில் தண்ணீர் மாற்று, உப்புப் போட்டு வேகவை” என்று பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி, படம் வரைந்து ஒட்டினேன். உடன் வேலை செய்த பெண்மணி அதற்குக் கீழே ஸ்பானிஷிலும் எழுதினார். அடுத்த வாரம் அலமாரி காலி. ஒரு சோமாலிய அம்மா மட்டும் தாளைப் பார்த்துவிட்டு, “இதை எனக்குச் சொல்ல வேண்டுமா?” என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே நாலு பொட்டலம் எடுத்துப் போனார்.

எனக்கு 68 வயது. மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வருகிறோம். பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் என்ன செய்வது அம்மா?

ஐயா, கோடையில் வருகிறீர்கள் என்றால் கவலையே இல்லை. சனிக்கிழமை காலையில் ஆற்றங்கரையில் சந்தை கூடும். காய்கறி, ரொட்டி, பானை செய்பவர், பாட்டுப் பாடுபவர் எல்லாரும் இருப்பார்கள். காற்று சரியான பக்கம் அடித்தால் மால்ட்-ஓ-மீல் ஆலையிலிருந்து தானியம் வறுபடும் வாசம் ஊர் முழுக்க வரும். அம்மாவுக்குச் சத்துமாவு வறுக்கிற ஞாபகம் வரும். நடைக்குக் கார்ல்டனின் கௌலிங் ஆர்போரீட்டம் இருக்கிறது. எண்ணூறு ஏக்கருக்கு மேல் காடும் புல்வெளியும், கட்டணம் கிடையாது. உயரப் புல்லில் நடந்தால் உண்ணி ஏறும், திரும்பியதும் கணுக்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் இருப்பதால் வாராவாரம் போகிற வாலண்டியர் வேலையில் பெயர் பதிய வேண்டாம். ஆகஸ்ட் முதல் செவ்வாய் மாலை தெருவுக்குத் தெரு அக்கம்பக்கத்தார் கூடிச் சாப்பிடும் ‘நேஷனல் நைட் அவுட்’ நடக்கும், அதற்குக் கட்டாயம் போங்கள். ஆங்கிலம் பேச வேண்டுமே என்று அம்மா தயங்கினால் ஒரு தட்டு தேங்காய் பர்ஃபி கொடுத்து அனுப்புங்கள்.

குளிர்காலத்தில் எல்லாம் நின்றுபோகுமா?

நிற்காது, உள்ளே போய்விடும். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை ‘வின்டர் வாக்’. டிவிஷன் தெருவின் கடைகளெல்லாம் திறந்திருக்க, ஊரே பனியில் நடக்கும். ஏறக்குறைய அதே சமயத்தில் செயின்ட் ஓலாஃபின் கிறிஸ்துமஸ் விழா. 1912 முதல் நடக்கிறது. ஐந்து பாடகர் குழுக்களும் இசைக்குழுவுமாக ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் மேடையில் நிற்பார்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இலையுதிர் காலத்திலேயே விசாரித்து வையுங்கள். நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் விளக்கெல்லாம் தணிந்து, அத்தனை குரலும் ஒன்றாகத் தாழ்ந்து வருகிற இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

அந்த நாட்களில் நார்வேக்காரர்களின் ‘லெஃப்சா’ கிடைக்கும். உருளைக்கிழங்கு மாவில் மெல்லிசாகத் திரட்டிக் கல்லில் போட்டு எடுப்பது, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தருவார்கள். ஒரு தேவாலய அடுக்களையில் லெஃப்சா திரட்ட ஆள் போதவில்லை என்றார்கள். சப்பாத்தி திரட்டிய கை, போய் நின்றேன். மாவு பிசுபிசுவென்று ஒட்டும், நம் கட்டையில் வராது. வரி வரியாகப் பள்ளம் வெட்டிய உருளைக்கட்டை தந்தார்கள். நாலாவதுதான் வட்டமாக வந்தது.

பையனுக்கு 15 வயது. கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேவை மணிநேரம் சேர்க்க வேண்டும். சீக்கிரம் நிறைய மணி கிடைக்கிற இடம் எது?

மணியை எண்ணி அனுப்பாதீர்கள். அங்கே நிற்பவர்களுக்கு அது ஒரே நாளில் தெரிந்துவிடும். அவனுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். ஆடு, மாடு, முயல் பிடிக்கும் என்றால் 4-H என்ற சிறுவர் அமைப்பு. ஜூலையில் ஃபாரிபோவில் நடக்கும் ரைஸ் கவுண்டி கண்காட்சி வரை வருடம் முழுக்க வேலை இருக்கும். வெளியே சுற்றப் பிடிக்கும் என்றால் புல்வெளி விதை சேகரிப்பது, பக்தார்ன் வெட்டுவது. பக்தார்ன் ஐரோப்பாவிலிருந்து வேலிச் செடியாக வந்து மினசோட்டாக் காடுகளை அடைத்துக்கொண்ட புதர். நம் ஊர்ச் சீமைக்கருவேலம் மாதிரி என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வான். ஒரே இடத்தில் இரண்டு வருடம் போகட்டும்.

நான் மூன்று இடத்துக்கு ஒவ்வொரு தடவை போனேன். எல்லோரும் சிரித்தார்கள், “நைஸ் டு மீட் யூ” என்றார்கள், அவ்வளவுதான். யாரும் அதற்கு மேல் பேசவில்லை. நாம் வேற்றாள் என்பதாலா அக்கா?

சில சமயம் அப்படியும் இருக்கும், இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் பெரும்பாலும் இங்குள்ளவர்களின் சுபாவம் அது. முகத்தில் கனிவு உடனே வரும், வீட்டுக் கதவு மெதுவாகத் திறக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்தே வளர்ந்தவர்கள் பலர். அவர்களுக்குள் பேச ஐம்பது வருடக் கதை இருக்கிறது. மூன்று இடத்துக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட ஒரே இடத்துக்கு ஒரே கிழமையில் மூன்று மாதம் போங்கள். வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் முதல் குளிர்காலத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு கூடத்தில் நாற்காலி மடக்கி அடுக்கும் வேலை. என்னோடு ஒரு பெரியவர், பழைய பால்பண்ணைக்காரர். ஆறு வாரம் “ஹலோ”, “குட் நைட்” தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாவது வாரம் கையுறையைக் கழற்றிவிட்டு, என் பெயரைச் சரியாகச் சொல்லித் தரச் சொன்னார். என் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. நாக்கை மடித்து மடித்து எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார், வரவில்லை. சரி, பரவாயில்லை என்றேன். அவர் விடவில்லை, நான் சொல்லச் சொல்ல, தன் காதுக்குக் கேட்டபடி ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய் நான் போனபோது, கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ‘ழ’ சரியாக இருந்தது.

நீங்கள் கடைசியாகப் போன இடம் எதுவோ, அங்கேயே வரும் வாரமும் போங்கள்.